தப்பைச் சொன்னவன் கூலியைப் பிடிக்காதீர்கள்: கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரக் கட்டட ஒப்பந்தக்காரர் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் அண்ணாச்சிமார்களுக்கு,

போன திங்கட்கிழமை உங்கள் சங்கத்து நோட்டீஸை எங்கள் சைட்டில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக் கதவில் ஒட்டினேன். சூப்பர்வைசர் என்றால் பசை தடவுவதும் வேலைதான். நோட்டீஸில் நான்கே வரி. வேலையில் தவறு ஏற்பட்டால் சரிசெய்யும் செலவு சம்பந்தப்பட்ட தொழிலாளியின் கூலியில் பிடிக்கப்படும். இரண்டாம் முறை நடந்தால் நிறுத்தப்படுவார். அவர் பெயர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். மற்ற உறுப்பினர்கள் அவரை வேலைக்கு எடுக்கக்கூடாது.

பசை காய்வதற்குள் கம்பி கட்டுகிற பையன் ஒருவன் வந்து நின்று முழுசாகப் படித்தான். "அப்போ இனிமே கண்ண மூடிட்டு வேலை பாக்கணும், அப்படித்தான அண்ணாச்சி?" என்று கேட்டான். அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கம்பி வெட்டுகிற கையாளாக வந்து, கம்பி கட்டுகிற ஃபிட்டராகி, இப்போது சூப்பர்வைசர். திருநெல்வேலியில் பெருமாள்புரம், தியாகராஜ நகர், கே.டி.சி. நகர், தச்சநல்லூர், பேட்டை என்று நான் கம்பி கட்டாத பக்கம் குறைவு. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஒரு பில்லர் தூக்குக்குண்டுக்கு நிற்காமல் சாய்ந்துவிட்டால் இடித்துக் கட்டுவது உங்கள் காசு, அதை வீட்டுக்காரர் பில்லில் ஏற்ற முடியாது. அடிக்கடி நடந்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்தில் போட்ட நோட்டீஸ்தான் இது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இது தவறுகளைக் குறைக்காது. தவறுகள் உங்கள் காதுக்கு வருவதை மட்டும் குறைக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் நடந்தது. உங்களில் ஒருவருடைய வேலைதான். பெயர் எழுதவில்லை, சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பாளையங்கால்வாய்க்கு அந்தப் பக்கம், வயலை மனையாக்கின இடத்தில் ஒரு மாடி வீடு. முன்பக்கம் நாலடி நீட்டி, பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரு பால்கனி. அதற்குக் கம்பி கட்டியது நான். நாலு பக்கமும் சுவர் தாங்குகிற தளத்தில் நடுவே அடிப்பக்கம் இழுபடும், அதனால் கம்பி அடியில் கிடக்கும். பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். நுனி தொங்கப் பார்க்கும், சுவரோரம் மேல்பக்கம் விரியப் பார்க்கும். அதை விரியவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மேல் கம்பி. அது மேலேயே நிற்க வேண்டுமென்றால் அடியில் சேர் வைக்க வேண்டும், வளைத்த கம்பித் துண்டு, அவ்வளவுதான். ஐந்து அங்குலத் தளத்தில் நாலு அங்குல உயரத்தில் நிற்க வேண்டிய கம்பி இரண்டு அங்குலத்துக்கு இறங்கிவிட்டால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. அன்றைக்குச் சேர் போடக் கம்பி கேட்டேன். "வெட்டுத் துண்டுல பாத்துக்கிடு, அதுக்குன்னு முழுக் கம்பியவா வெட்ட முடியும்?" என்று பதில் வந்தது. வெட்டுத் துண்டில் ஏழோ எட்டோ சேர் தேறியது. போதாது என்று தெரிந்தும் சரி என்றேன்.

காலை ஏழரைக்கு மிக்ஸர் ஓடத் தொடங்கியது. பத்தரை மணிபோலப் பால்கனிப் பக்கம் வந்துவிட்டார்கள். நடப்பதற்குப் பலகை போடவில்லை. தலையில் சும்மாடும் சட்டியுமாக வருகிற சித்தாள் கம்பியின் மேல் கால் வைக்காமல் வேறு எங்கே வைப்பாள்? ஒவ்வொரு மிதிக்கும் கட்டுக்கம்பி சிணுங்கியது. நாலைந்து நடைக்குள் சுவரோரம் மேல் கம்பி வயிறு தொங்கிவிட்டது. என்னோடு நின்ற கையாள் பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து வைப்ரேட்டர் வயரை ஒதுக்கினான்.

நானும் பார்த்தேன். மிக்ஸரை நிறுத்தினால் போட்ட கான்கிரீட் இறுகும், புதுசு அதோடு ஒட்டாமல் ஜாயின்ட் விழும், இருபது பேர் கூலி நிற்கும், மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது, நிறுத்தினது எவன் என்று கேட்பார்கள். இத்தனையும் அரை நிமிஷத்தில் ஓடியது. கையால் இரண்டு கம்பியைத் தூக்கிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

பதினைந்தாம் நாள் சென்ட்ரிங்கை, அதாவது தளத்தைத் தாங்கிய பலகையையும் முட்டையும், பிரித்தார்கள். நாள் கணக்கில் குறை இல்லை. நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கே 14 நாள் முட்டு நின்றால் போதும் என்றுதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. தண்ணீர் விட்டதிலும் குறை இல்லை, பாத்தி கட்டித் தேக்கியிருந்தோம். முட்டு எடுத்த முறையும் சரிதான், நுனியிலிருந்து உள்பக்கமாகத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்கள். முட்டாக நின்ற கடைசி ஜாக்கிக்கு முந்தினதைத் தட்டியபோது மாடிச் சுவரோரம் முடி அளவு கோடு ஒன்று ஓடியதை மேலே நின்றவன் பார்த்திருக்கிறான். கத்துவதற்குள் பால்கனி கதவு சாத்துகிற மாதிரி கீழே மடங்கிவிட்டது. அடியில் நின்ற சென்ட்ரிங்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எட்டு மாதம் கட்டிலில் கிடந்தார். இப்போது ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். மழை நாளில் எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஒப்பந்தக்காரர் கட்டினார். அதை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த கூலி மட்டும் மூன்று மாதத்தோடு நின்றுபோனது.

அன்று சாயங்காலம் சைட்டில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எவன்வே கம்பி கட்டுனது?" நான்தான் என்றேன். ஒரு மாதம் வேலை இல்லை என்றார்கள், ஏற்றுக்கொண்டேன். சேர் ஏன் வரவில்லை, நடைபலகை ஏன் இல்லை, கான்கிரீட்டுக்கு முன் வேறு ஆள் ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டான், விஷயம் முடிந்தது. நான் திரும்பி வந்தபோது அடுத்த சைட்டிலும் சேருக்குக் கம்பி ஒதுக்கியிருக்கவில்லை.

அந்தப் பையனிடம் பிறகு ஒருநாள் டீக்கடையில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "அன்னைக்கே பாத்தேம் அண்ணாச்சி. சொன்னா ரூவா போயிரும்லா" என்றான்.

அவன் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதற்கு முந்தின மாதம் வேறொரு சைட்டில் பில்லர் கம்பியில் எட்டுத் துண்டை அரையடி குட்டையாக வெட்டிவிட்டான். அரையடி குறைந்தால் மேல் மாடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் இடத்தில் பிடி போதாது. யாரும் கவனிக்கவில்லை. அவனே அளந்து பார்த்து, அவனே வந்து சொன்னான். கம்பியை நிறுத்துவதற்கு முன் சொன்னதால் மாற்றுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குட்டைக் கம்பி கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்கு ஓடிவிட்டது. சனிக்கிழமை கூலியில் இரண்டாயிரம் ரூபாய் பிடித்தார்கள். அந்த இரண்டாயிரம் அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்தது? அளந்து வெட்ட ஏற்கெனவே தெரிந்தவன்தான் அவன். வாயை மூடக் கற்றுக்கொண்டான். ஒரு மாதத்தில் அந்தப் பாடம் பால்கனிக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதே பாடத்தை அச்சடித்து எல்லா சைட்டிலும் ஒட்டச் சொல்கிறீர்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோட்டீஸ் எழுதியவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தொழிலாளிக்கு அபராதம் போடுவதற்கு ஒரு கூலித் தவணையில் நூற்றுக்கு மூன்றுதான் எல்லை. பழைய கூலி வழங்கல் சட்டத்திலும் அதுதான், 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதுதான். நஷ்டத்துக்கு ஈடு என்று பிடித்தாலும் அவன் பக்கத்துப் பதிலைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். அந்தப் பையனுக்கு நாள் கூலி 700. ஆறு நாளுக்கு 4,200. நூற்றுக்கு மூன்று என்றால் 126 ரூபாய். பிடித்தது 2,000. பதில் கேட்கவும் இல்லை.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றும் எனக்குத் தெரியும். தச்சநல்லூரில் ஒரு கடைக் கட்டடம், தளம் போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் குடிக்கக் கீழே போன சித்தாள் அக்கா ஒருவர் படியில் நின்றே சத்தம் போட்டார்: "ஏ, நிப்பாட்டுங்கப்பா, முட்டுக்கு அடியில செங்கல் நொறுங்குது!" போய்ப் பார்த்தால், மண்ணில் பலகை வைத்து அதன் மேல் நிறுத்த வேண்டிய ஜாக்கிகளில் நாலைந்தை ஒற்றைச் செங்கல்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஈரத்தில் செங்கல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த சைட் மேஸ்திரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மிக்ஸரை அணைத்தார், மேலே நின்ற அத்தனை பேரையும் இறக்கினார், பலகை கொடுத்து முட்டை மறுபடி இறுக்கினார். நாற்பது நிமிஷம். வீட்டுக்குப் போகும்போது அந்த அக்காவுக்கு ஒரு நாள் கூலி சேர்த்துக் கொடுத்தார். செங்கல்மேல் நிறுத்தியவனைக் கூப்பிட்டு, பலகை எங்கே கிடக்கிறது என்று மட்டும் காட்டினார். அதன் பிறகு அந்த சைட்டில் சித்தாள்கள் எதையாவது பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பாதி ஒன்றுமில்லாததாக இருக்கும். இருக்கட்டுமே.

சித்தாளைச் சொன்னது காரணத்தோடுதான். தளம் முழுக்க நடப்பது அவர்கள்தான். கம்பி தொங்குவதும், சாரப்பலகை ஆடுவதும், கைப்பிடி இல்லாத படியும் முதலில் அவர்கள் காலுக்குத்தான் தெரியும். ஆனால் கொத்தனாரிடம் போய்த் தப்பு என்று சொன்னால், "நீ கலவையத் தூக்கு" என்பான். உங்கள் நோட்டீஸ் அவன் பக்கம் நிற்கிறது.

மற்றவற்றை விரித்து எழுதினால் மடல் நீண்டுவிடும். மிக்ஸருக்கு பிளக் இல்லாமல், வயர் நுனியைச் சீவி ஓட்டையில் செருகி, கழன்று வராமல் தீக்குச்சியை முட்டுக் கொடுப்பதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். ஈரத் தரையில் மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டதும் கரண்டை அறுத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று இருந்தால் ஆள் பிழைப்பான். வயல் மண்ணில் செப்டிக் டேங்க் குழியை எட்டடிக்குச் செங்குத்தாக வெட்டி, பக்கத்தில் முட்டும் கொடுக்காமல், தோண்டின மண்ணையும் விளிம்பிலேயே குவிக்கிறோம். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சாரத்தைச் சுவரோடு கட்டாமல் விடுகிறோம். இவை ஒன்றும் தெரியாமல் நடப்பவை இல்லை. ஒவ்வொரு சைட்டிலும் யாரோ ஒருவர் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடி விழுந்து 61 பேர் இறந்ததை இங்கே பேசினோம். அது சென்னை, நமக்கென்ன என்று இருந்தோம். 2021 டிசம்பரில் நம் ஊரிலேயே பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் போனார்கள். அடுத்த மே மாதம் முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் டீக்கடையில் அதே பேச்சு, யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள் என்று. அந்தச் சுவரை, அந்தப் பாறையைத் தினம் பார்த்துக்கொண்டு போனவர்களில் ஒருவருக்காவது சந்தேகம் தோன்றாமலா இருந்திருக்கும் என்பதுதான் என் யோசனை. தோன்றியிருந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

வளைகுடா போய்வந்த மேலப்பாளையத்து ஃபிட்டர் ஒருவர் என்னோடு இருக்கிறார். அங்கே காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிஷம் நிற்க வைத்து, நேற்று எது தப்பாகப் போக இருந்தது, இன்று எங்கே ஆபத்து என்று பேசுவார்களாம். விழாமல் தப்பியதையும் எழுதி வைப்பார்களாம். "அங்கன பெல்ட் போடாம ஏறுனா வீட்டுக்கு அனுப்பிருவான். இங்கன பெல்ட் கேட்டா அனுப்பிருதாங்க" என்று சிரிக்கிறார். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் நம்பவில்லை, அவர் சொல்கிற மற்றக் கதைகளும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காசு ஆகாது.

நாம் நிறுத்தத் தெரியாத ஊர்க்காரர்களும் இல்லை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வருகிறது, வடத்தில் ஆயிரக்கணக்கான கை. சக்கரத்துக்கடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர் ஒருவர் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் வடத்தை விட வேண்டியதுதான். தேர் நின்ற நேரத்துக்கு அவர் கூலியில் பிடி என்று எந்தத் தலைமுறையிலும் யாரும் சொன்னதில்லை.

இனி நான் கேட்பவை.

அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுங்கள். பெயர்களை வாட்ஸ்அப்பில் போடுவதையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்ட பெயர்களை எடுத்துவிட்டு, அவர்களை வேலைக்கு எடுக்கலாம் என்று அதே குழுவில் எழுதுங்கள்.

அதற்குப் பதிலாக, அதே அளவு எழுத்தில், இப்படி ஒட்டச் சொல்லுங்கள்: தன் தவறையோ பிறர் தவறையோ கான்கிரீட் போடுவதற்கு முன் சொல்கிறவர் கூலியில் ஒரு ரூபாய் பிடிக்கப்படாது, சரிசெய்யும் செலவு ஒப்பந்தக்காரருடையது. குடித்துவிட்டு வந்தவன், சொல்லியும் வேண்டுமென்றே செய்தவன் என்றால் அது வேறு கணக்கு, அதில் நான் உங்களோடு நிற்பேன்.

தளம் போடுகிற நாளில், கம்பி கட்டியவரும் சென்ட்ரிங் அடித்தவரும் அல்லாத ஒருவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மிக்ஸர் ஓட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகும், சித்தாள் உட்பட யார் நிறுத்தச் சொன்னாலும் நிற்க வேண்டும்.

சேர் கம்பி, கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக், நடைபலகை, முட்டுக்கு அடிப்பலகை, ஆர்.சி.சி.பி., இடுப்பு பெல்ட் இவற்றை எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடுங்கள். இப்போது எல்லாம் சதுர அடி லேபர் ரேட்டுக்குள் அடைபடுகிறது. ரேட்டை அடித்துப் பேசும்போது முதலில் காணாமல் போவது இவைதான். இவ்வளவு செலவு என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவர் வீட்டுப் பால்கனிதானே.

சைட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன தப்பு கண்டோம், என்ன செய்தோம், அவ்வளவு எழுதினால் போதும், பெயர் வேண்டாம். உங்கள் மாதக் கூட்டத்தில் அவற்றிலிருந்து ஐந்தை வாசியுங்கள். ஒருவர் சைட்டில் நொறுங்கிய செங்கல் மற்ற சைட்டுக்காரர்களுக்கும் தெரியட்டும்.

கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994லிருந்து இருக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று நல நிதிக்குச் செஸ் என்கிற வரி போகிறது. ஆனாலும் உங்கள் சைட்டில் பத்துப் பேரை நிறுத்தி வாரிய அட்டை கேட்டால் எத்தனை பேர் எடுப்பார்கள் என்று பாருங்கள். இடுப்பொடிந்த சென்ட்ரிங்காரரிடமும் அட்டை இல்லை. ஐப்பசி மழைக்கு முன் எல்லா உறுப்பினர்களும் தங்கள் ஆட்களைப் பதிந்து முடிக்க வேண்டும்.

அந்தச் சென்ட்ரிங்காரருக்கு நிறுத்திய ஐந்து மாதக் கூலி இன்னும் பாக்கி. யார் கொடுக்க வேண்டும் என்பது அந்த உறுப்பினருக்குத் தெரியும். சங்கம் அவரிடம் பேச வேண்டும். அதில் என் பங்காக ஒரு மாதக் கூலியை நான் தருகிறேன், அன்று கீழே இறங்கிப் போனவன் நான்தான்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் சைட்டில் மேல் தளம் கான்கிரீட். முன்பக்கம் மூன்றரை அடி பால்கனி இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். நோட்டீஸை ஒட்டியது நான், கிழிப்பதும் நானாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சைட் சூப்பர்வைசர்,
பாளையங்கோட்டை